பதினாலாம் நம்பர் வீட்டுச் சாவு

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் படிக்கிற பார்வையைச் சோதித்துக்கொள்ளக் கையோடு எதையாவது கொண்டுவருவார்கள். கடைக்காரி நீட்டுகிற அச்சடித்த அட்டையை அவர்கள் நம்புவதில்லை. அதில் எழுத்து வேண்டுமென்றே பெரிதாகப் போட்டிருக்கிறதாம், கண்ணாடியைத் தலையில் கட்டுவதற்கு நடக்கிற சூழ்ச்சியாம். மின்கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, மருமகள் எழுதிய கடிதம் என்று ஆளுக்கொன்றை எடுத்து நீட்டுவார்கள். கடைக்காரிக்கு நாற்பத்துநாலு வயது, இருபது வருஷமாக இதே தொழில். யார் எதை நீட்டினாலும் அசரமாட்டாள். அன்றைக்கு ஒரு அம்மா நீட்டிய புத்தகம் அசர வைத்துவிட்டது.

"என் சம்பந்தி வீட்டுக்காரங்க போட்ட குடும்ப வரலாறு. எழுத்தைப் பொடிப்பொடியா அடிச்சு வச்சிருக்காங்க. என் பேரும் எங்கயோ வருதாம். தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு."

தடித்த அட்டைப் புத்தகம், உள்ளட்டையில் 'முந்நூறு பிரதிகள்' என்று அச்சு. முதல் பக்கத்தில் குடும்பத் தலைவரின் படம். கோட்டு, இரட்டைப் பார்வைக் கண்ணாடி, உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லப் போகிற முகம். அந்த ஆளைக் கடைக்காரி நேரில் பார்த்த நினைவில்லை. ஆனால் தன் அம்மாவின் பெட்டியில் இருந்த ஒரு பழைய படத்தில் அதே தாடை அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. அது பெரியப்பா. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன்.

அந்த அம்மாவின் பெயரைத் தேடுகிற சாக்கில் பக்கங்களைப் புரட்டினாள். அறுபத்திரண்டாம் பக்கத்தில் அப்பா இருந்தார். மூன்றே வரி. 'இளைய மகன். மணமாகாமலே தமது இருபத்தொன்பதாம் வயதில் காலமானார். வாரிசு இல்லை.'

வாரிசு இல்லை என்று அச்சடித்திருந்ததை அந்த வாரிசு கடையில் நின்றபடி இரண்டு தடவை படித்தாள். கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் அழுவார்கள். இவளுக்குக் கை ரொம்ப நிதானமாகிவிடும். அந்த அம்மாவுக்குப் பொறுமையாகக் கண் பார்த்து, சரியான கண்ணாடியைக் கொடுத்து, புத்தகத்தை இரண்டு நாள் இரவல் கேட்டாள்.

"நீயே வச்சுக்கோம்மா. எங்க வீட்டுல இன்னும் நாலு கிடக்கு. ஆளாளுக்கு ஒண்ணு திணிச்சிட்டாங்க" என்றாள் அந்த அம்மா. புதுக் கண்ணாடியை உறையில் போட்டு மூடிக்கொண்டு போனாள். உறையின் மேல் தங்க எழுத்தில் கடையின் பெயர். கடையின் பெயர் வேறெதுவும் இல்லை, கடைக்காரியைப் பெற்ற அம்மாவின் பெயர்தான்.

கடைக்காரியின் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவள் கடைக்காரியின் அப்பாவைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டவள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம் இல்லை. சாட்சிக்கு வந்தது அப்பாவோடு வேலை செய்த இரண்டு பேர், அவர்களும் பிறகு எங்கெங்கோ போய்விட்டார்கள். மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போனார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெரியப்பா வாசலில் பெட்டியைத் தூக்கி வைத்தார். "எங்க யாரு கண்ணுலயும் படாத கல்யாணம் கல்யாணமே இல்ல" என்றார். சான்றிதழ் எங்கே என்று அம்மா தேடினாள். அது அப்பாவின் அலமாரியில் இருந்தது, அலமாரிச் சாவி பெரியப்பாவிடம் இருந்தது. சரி, அலுவலகத்தில் நகல் வாங்கலாம் என்று போனால் அந்த வருஷத்துப் புத்தகம் மழையில் நனைந்து வீணாகிவிட்டது என்று கைவிரித்தார்கள். அது எப்படியோ பெரியப்பா காதுக்கும் போனது. அதற்குப் பிறகு அவருக்கு வாய் நீண்டுவிட்டது. சில வருஷம் கழித்து, மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறதே என்று அம்மா எழுதிக் கேட்டதற்கு, 'பிறப்புப் பதிவில் தாய் சொல்வதுதான் எழுதப்படும். யாரும் யார் பெயரையும் சொல்லலாம்' என்று பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை அம்மா கிழிக்கவில்லை.

வேறு ஊருக்கு வந்து, யாரோ ஒருவர் கடையில் கண்ணாடி தேய்க்கிற கல்லின் முன்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து மகளை ஆளாக்கினாள். விரல் நுனியெல்லாம் தேய்ந்து ரேகையே இல்லாமல் போனது. அப்படிப்பட்டவளிடம் பதினேழு வயது மகள் ஒருநாள், ஏதோ ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டே, "உண்மையைச் சொல்லும்மா. உனக்கு நிஜமாவே கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டாள். எட்டு நாள் அம்மா பேசவில்லை. ஒன்பதாம் நாள் சொன்னாள்: "நீல அட்டை. பெரிய புத்தகம். நான் கையெழுத்துப் போடுறப்ப மை கொட்டிருச்சு, உங்கப்பா சட்டைக் கையால தொடச்சாரு. நீ நம்பாட்டியும் அந்தப் புத்தகத்துக்குத் தெரியும்." அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். போன வருஷம் செத்தும் போனாள்.

பெரியப்பா கேட்டது ஒரு பக்கம், தானே கேட்டது ஒரு பக்கம். இரண்டுக்கும் சேர்த்து ஒருவன் பதில் சொல்லியாக வேண்டும் என்று கடைக்காரி முடிவு செய்தாள். கடையைப் பூட்டிவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற குமிழ்க் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பெரியப்பாவின் ஊரில் இறங்கினாள்.

பதிவு அலுவலகத்தின் மாடியில் ஆவண அறை. நீள மேசை, இரும்பு அலமாரிகள், சன்னலுக்குச் சன்னல் மூலையில் தூசி. மேசைக்குப் பின்னால் ஐம்பது வயதில் ஒருவர், கிழிந்த பக்கத்துக்கு மெல்லிய தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். விரல் பத்திலும் பசை காய்ந்து தோல் தோலாக உரிந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பசைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதற்கே திரும்பினார்.

"யாரைத் தேடறீங்க? பொறந்தவங்களா, செத்தவங்களா?"

"கல்யாணம் ஆனவங்கள."

"அது ரெண்டுக்கும் நடுவுல. எந்த வருஷம்?"

வருஷத்தைச் சொன்னாள். பசைக்காரர் முகம் மாறியது. எழுந்து போய், கயிறு கட்டிய ஒரு கட்டியைக் கொண்டுவந்து மெதுவாக மேசையில் வைத்தார். நீல அட்டை. உள்ளே பக்கங்கள் என்று எதுவும் இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டி இறுகி, செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"கூரை ஒழுகி இப்படி ஆயிருச்சு. பிரிச்சா தூளாயிடும். நானே மூணு தடவை ஆசைப்பட்டுட்டு விட்டுட்டேன்."

கடைக்காரி குமிழ்க் கண்ணாடியை வைத்து விளிம்பெல்லாம் பார்த்தாள். ஏதாவது ஒரு மைக்கறை வெளியே தெரிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். ஒன்றும் தெரியவில்லை. அம்மா சொன்ன புத்தகம் இருந்தது, அதன் வாய்தான் அடைத்துப்போயிருந்தது. நீல அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். 'நம்பாமப் போயிட்டேனேம்மா' என்று உள்ளே ஒரு குரல் அழுதது, வெளியே கண் காய்ந்தே இருந்தது.

"வேற யாரையாவது பாக்கணுமா?" என்றார் பசைக்காரர். இவ்வளவு தூரம் வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை.

"எங்கப்பா இறந்த பதிவு. பேரு சொல்றேன்."

"பேரு வேண்டாம். வீட்டு நம்பர் சொல்லுங்க."

அந்த அலுவலகத்தின் வழக்கம் அது. முதன்முதலில் அங்கே எழுத்தராக உட்கார்ந்தவர் அதற்கு முன் தபால்காரராக இருந்தவர். மனிதர்களின் பெயரில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. பெயரை மாற்றுவார்கள், சுருக்குவார்கள், ஒரே தெருவில் ஒரே பெயரில் ஏழு பேர் இருப்பார்கள். வீடு எங்கே ஓடிப்போகும்? அதனால் அட்டவணையைத் தெரு, கதவு எண் என்றே போட்டுவிட்டார். பின்னால் வந்த யாருக்கும் அதை மாற்றத் துணிவில்லை, சோம்பல் என்றும் சொல்லலாம். பெயரை வைத்துக்கொண்டு தேட வருகிறவர்கள் அரை நாளில் தலையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டு எண்ணைச் சொன்னால் அந்த வீட்டில் பிறந்தவர், செத்தவர் எல்லோரும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்பார்கள்.

தெருவைச் சொல்லி, "பதினாலு" என்றாள்.

பசைக்காரர் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். தாத்தாவின் பிள்ளைகள் பிறந்த தேதிகள். பெரியப்பா. ஐந்து வருஷம் கழித்து அப்பா. தாத்தாவின் சாவு. அப்பாவின் சாவு. அங்கே விரலை நிறுத்தியவள் கண் தானாகவே அடுத்த வரிக்கு இறங்கியது. அப்பா போய்ப் பதினாலு மாதம் கழித்து அந்த வீட்டில் இன்னொரு சாவு விழுந்திருந்தது. பெண் குழந்தை, வயது மூன்று.

பெயரைப் படித்தாள். குமிழ்க் கண்ணாடியை வைத்து மறுபடி படித்தாள். அது அவளுடைய பெயர்.

தான் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"இதோட முழுப் பதிவு வேணும்" என்றாள்.

இறப்புப் பதிவேட்டின் எழுபத்தொன்றாம் வரிசை. காரணம்: காய்ச்சல். தகப்பன் இன்னார், அப்பாவின் பெயர். தாய் இன்னார், அம்மாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'மேற்படியாரின் சட்டப்படியான மனைவி'. அடக்கம் செய்த இடம் என்ற கட்டம் காலி. தகவல் கொடுத்தவர்: குழந்தையின் பெரியப்பா, குடும்பத் தலைவர். கீழே வால் நீண்ட கையெழுத்து. அம்மா கிழிக்காமல் வைத்திருந்த கடிதத்தில் இருந்த அதே வால்.

கடைக்காரி மேலிருந்து கீழாக மறுபடி படித்தாள். பிறகு அவளுக்கு விஷயம் மெல்ல மெல்லப் புரிந்தது, புரியப் புரியச் சிரிப்பு வந்தது. ஆவண அறையில் அப்படி யாரும் சிரித்துப் பசைக்காரர் கேட்டதில்லை. தண்ணீர் எடுக்க எழுந்தார்.

"ஒண்ணும் இல்லைங்க. இந்தக் குழந்தை நான்தான்."

"என்னது?"

"தாத்தா வீட்டை மகன்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும்னு எழுதி வச்சாரு, அம்மா சொல்லியிருக்காங்க. மருமகளுக்குப் பங்கு இல்ல. அப்பா போனதும், பிறப்புப் பதிவுல அவர் பேரோட குறுக்க நின்னது நான் ஒருத்தி. அதனால எங்க பெரியப்பா என்னைத் தீத்துட்டாரு. ஆனா பாருங்க, நான் எங்கப்பாவுக்கு முறையாப் பொறந்தவளா இருந்தாத்தானே என்னைச் சாகடிக்க வேண்டிய அவசியம்? அதுக்காக முதல்ல எங்கம்மாவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டு, அப்புறம் என்னைக் கொன்னிருக்காரு. அவர் கையாலேயே எழுதி."

பசைக்காரர் பதிவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் காலத்தில் வீட்டில் நடந்த சாவுக்கு வீட்டுப் பெரியவர் வாய்வார்த்தையே போதும், மருத்துவர் தாள்கூடக் கேட்கமாட்டார்கள் என்றார். இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

அவள் பையிலிருந்து குடும்ப வரலாற்றை எடுத்து அறுபத்திரண்டாம் பக்கத்தைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மணமாகாமலே காலமானார் என்று ஒரு பக்கம். சட்டப்படியான மனைவி என்று இன்னொரு பக்கம். ஒரே ஆள் சொன்ன இரண்டு கதை, ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு. நாற்பது வருஷத்தில் முதல் கதையை மறந்துவிட்டு இரண்டாவதை அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டாமா?

"வீட்டுல பங்கு கேட்டு வழக்குப் போடலாமே" என்றார் பசைக்காரர்.

"அது வக்கீல் வேலை, அப்புறம் பாத்துக்கலாம். இது என் வேலை. இந்தப் பதிவைத் திருத்தணும்னா என்ன பண்ணணும்?"

அவர் சொன்னார். செத்ததாக எழுதப்பட்டவரை உயிரோடு எழுத வேண்டுமானால், தகவல் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறவரை அவரே வர வேண்டும். பதிவாளர் முன்னால், அன்றைக்குத் தான் கொடுத்த தகவலைத் தன் வாயால் படிக்க வேண்டும். அது தவறு என்று சொல்லி, பக்கத்தின் ஓரத்தில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய வரியை அழிக்கிற வழக்கம் இல்லை. அதன் அடியில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பின்னால் யார் நகல் கேட்டாலும் பழைய வரியும் ஓரத்தில் எழுதியதும் சேர்ந்தே போகும்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"இந்தப் புத்தகம் இருக்கிற வரைக்கும்."

"நல்லது" என்றாள்.

"அவரு உயிரோட இருக்காரா?"

"எழுபத்தாறு. நல்லா இருக்கட்டும். அந்த நாள் வரைக்கும் ஒரு தும்மல்கூட வரக் கூடாது" என்று மனசார வாழ்த்தினாள்.

விண்ணப்பம் கொடுத்தாள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத் தாள்கள், அடையாள அட்டை, அம்மாவின் இறப்புச் சான்றிதழ், பெரியப்பாவின் கடிதம் எல்லாவற்றையும் இணைத்தாள். பத்து நாளில் பெரியப்பாவுக்கு அறிவிப்பு போனது. பதிமூன்றாம் நாள் கடையில் தொலைபேசி அடித்தது. பேசியது பெரியப்பாவின் மகன். மருந்துக்கடை வைத்திருப்பவர், குடும்ப வரலாற்றை உட்கார்ந்து தொகுத்ததும் அவர்தான்.

"நீங்க யாருன்னு தெரியலைம்மா. அப்பாவுக்கு ஏதோ அறிவிப்பு வந்திருக்கு. இறப்புப் பதிவுல ஏதோ பிழையாம். படிக்கக் குடுக்க மாட்டேங்கறாரு. ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல."

"நான் உங்க சித்தப்பா பொண்ணு, அண்ணே."

"சித்தப்பாவுக்குக் கல்யாணமே ஆகலையே" என்றார், பாவம், உண்மையிலேயே குழம்பிப்போய்.

"உங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அவரே சொல்லுவாரு."

"எதுவா இருந்தாலும் வீட்டுல உக்காந்து பேசிக்கலாம்மா. புத்தகத்துல ஏதாவது விட்டுப்போயிருந்தா அடுத்த பதிப்புல சேத்துடலாம். பெரியவரை எதுக்கு ஆபீசுக்கெல்லாம் இழுக்கணும்?"

"எங்கம்மாவை அவர் வீட்டு வாசல்ல நிறுத்தினப்ப யாரும் உக்காந்து பேசலையே அண்ணே. புதன்கிழமை பத்தரை மணி. அவர் வரலேன்னா விஷயம் போலீசுக்குப் போயிடும்னு அதுலயே போட்டிருக்கு."

செவ்வாய் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து புத்தகத்தின் முதல் படத்தைக் குமிழ்க் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். படத்தில் அவர் போட்டிருக்கிற கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பெரியப்பாவின் கண்ணிமை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அளந்தாள். அந்த வயசுக்கு, அந்தத் தடிப்புக்கு, படிக்க மூணு பவர் இருக்கும். சந்தேகத்துக்கு ரெண்டரையும் மூணரையும் எடுத்து வைத்தாள். மூன்றையும் துடைத்து, மூன்று உறையில் போட்டுப் பையை மூடினாள்.

புதன்கிழமை பெரியப்பா கைத்தடி ஊன்றி, மகன் தோளைப் பிடித்து மாடி ஏறி வந்தார். காதோரம் நரைமுடி, தளர்ந்த சட்டைக் கழுத்து. நேரில் பார்த்தால் பாவமாகத் தோன்றிவிடுமோ என்று கடைக்காரிக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. தோன்றவில்லை. அந்தத் தாடையைப் பார்த்ததும் பயம் போய்விட்டது.

பதிவாளர் இளம்பெண், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். பதிவேட்டைத் திறந்து வைத்தார். பசைக்காரர் பக்கத்தில் நின்றார்.

"ஐயா, எழுபத்தொண்ணாம் வரிசை. தகவல் குடுத்தது நீங்க. இது சரியா, தவறா?"

பெரியப்பா கடைக்காரியை ஏற இறங்கப் பார்த்தார். ஆளைப் பார்த்ததும் பழைய தெம்பு வந்துவிட்டது போல. "சரிதான். குழந்தை காய்ச்சல்ல போயிடுச்சு. இவ யாரோ எவளோ. வீட்டு மேல கண்ணு வச்சு வந்திருக்கா."

"குழந்தை உங்க தம்பியோடதுதானே?"

"ஆமா."

மருந்துக்கடைக்காரர் திரும்பினார். "எந்தத் தம்பிப்பா?"

பெரியப்பா கைத்தடியைக் கை மாற்றிப் பிடித்தார்.

"உங்களுக்கு ஒரே தம்பிதானே? கல்யாணமே ஆகலேன்னு நீங்க சொல்லித்தானே நான் எழுதினேன்?"

கடைக்காரி புத்தகத்தைப் பதிவேட்டின் பக்கத்தில் விரித்து வைத்தாள். "பெரியப்பா, ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. புத்தகம் நிஜம்னா, கல்யாணம் ஆகாதவருக்கு ஏது சட்டப்படி மனைவி, ஏது குழந்தை? பதிவு நிஜம்னா, உங்க மகன் முந்நூறு பேருக்கு அச்சடிச்சுக் குடுத்தது பொய். எது வேணும்?"

எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுடுகிற இடத்தில் கிழவர் மாட்டிக்கொண்டார். கைத்தடி தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

"அடக்கம் பண்ண இடம் காலியா இருக்கே ஐயா. எங்க புதைச்சீங்க?" என்றார் பதிவாளர்.

"ஞாபகம் இல்ல."

பதிவாளர் கோப்பைப் புரட்டினார். "செத்த பிறகு இந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துல சேர்ந்திருக்கு. ரெண்டாம் வகுப்புல கணக்குக்குப் பரிசு வாங்கியிருக்கு. அம்மாவுக்கு நீங்க எழுதின கடிதத்துல 'உன் மகளை வளர்ப்பது உன் பாடு'ன்னு இருக்கு, தேதி குழந்தை செத்து நாலு வருஷம் கழிச்சு. கையெழுத்து உங்களோடதுதானே?"

அம்மா ஏன் அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தாள் என்று கடைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரியப்பா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "தப்பா எழுதிக் குடுத்துட்டேன்" என்றார், தரையைப் பார்த்து.

"எதுக்குப்பா?" என்றார் மகன். பிறந்ததிலிருந்து பதினாலாம் நம்பர் வீட்டிலேயே வளர்ந்தவர் அவர், பதில் தேவைப்படவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி, நீங்க குடுத்த தகவலைச் சத்தமாப் படிங்க ஐயா."

கிழவருக்கு அந்த நேரத்திலும் மூளை வேலை செய்தது. சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி வீட்டுலயே விட்டுட்டேன். கண்ணு சுத்தமாத் தெரியாது. பையன் படிக்கட்டும், நான் ஆமான்னு சொல்லிடறேன்."

கடைக்காரி பையைத் திறந்து மூன்று உறைகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"என் கடைச் சரக்குதான். போட்டுப் பாருங்க."

முதல் கண்ணாடியை அவளே மாட்டிவிட்டாள். அவர் தலையை ஆட்டினார். தெரியவில்லையாம். அது நிஜம், கண் ஒரே இடத்தில் திணறிக்கொண்டு நின்றது. இரண்டாவதை மாட்டினாள். "இதுலயும் தெரியல" என்றார்.

"தெரியுது பெரியப்பா. கண்ணு வரியோட ஓடுது. இருபது வருஷமா இதத்தானே பாத்துட்டிருக்கேன். படிங்க."

படித்தார். தேதி, பெண் குழந்தை, வயது, காய்ச்சல். அப்பாவின் பெயரைப் படித்தார். அம்மாவின் பெயர் வந்த இடத்தில் குரல் இறங்கி, அதற்கு அடுத்த மூன்று சொற்கள் தொண்டைக்குள்ளேயே போய்விட்டன.

"கேக்கல" என்றாள் கடைக்காரி. "அந்த இடத்தை இன்னொரு தடவை."

பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனாலும் அவர் தடுக்கவில்லை.

"மேற்படியாரின்... சட்டப்படியான மனைவி" என்றார் பெரியப்பா.

அம்மா உயிரோடிருந்த காலமெல்லாம் எந்த வாயிலிருந்து வராமல் போனதோ அதே வாயிலிருந்து வந்துவிட்டது. கடைக்காரி மூன்றாவது தடவையும் கேட்டிருப்பாள், அதற்குள் பதிவாளர் பேனாவை நீட்டிவிட்டார்.

ஓரத்தில் அவர் எழுத ஐந்து நிமிஷம் ஆனது. 'மேற்கண்ட குழந்தை இறக்கவில்லை. உயிருடன் இருக்கிறாள். நான் பொய்த் தகவல் கொடுத்தேன்.' தவறான தகவல் என்று எழுதப் பார்த்தார். பொய் என்றே எழுத வேண்டும் என்று பதிவாளர் சொல்லிவிட்டார். கீழே வால் நீண்ட கையெழுத்து, வால் மட்டும் இந்தத் தடவை நடுங்கியது. பசைக்காரர் அளவுகோலை வைத்து, ரொம்ப அழகாக, ஒரு சிவப்புக் கோடு போட்டார். விஷயம் மேலிடத்துக்குப் போகும், விசாரணை வரும் என்றார் பதிவாளர்.

"நான் என்ன பண்ணணும்?" என்றார் மருந்துக்கடைக்காரர், எழுந்து வந்து, அவளைத் தங்கை என்று கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாத முகத்தோடு.

"புத்தகம் எத்தனை வீட்டுக்குப் போச்சோ அத்தனை வீட்டுக்கும் இந்தப் பக்கத்தோட நகல் போகணும் அண்ணே. ஓரத்துல இருக்கறதும் சேத்து. முந்நூறுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் நான் நேர்ல வந்து குடுப்பேன்."

அவர் தலையாட்டினார். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவள் அதை எடுத்துத் துடைத்து, உறையில் போட்டு, அவர் சட்டைப் பையில் செருகினாள். "வச்சுக்குங்க பெரியப்பா. விசாரணைக்கெல்லாம் நிறையப் படிக்க வேண்டியிருக்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது மனசு ஆறியதா என்றால், நன்றாகவே ஆறியது. ஜன்னலோர இருக்கை கிடைத்தது. இரண்டு மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூன்று சொற்களையும் அந்தக் குரலிலேயே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து மருந்துக்கடைக்காரர் கடைக்கு வந்தார். நகல்கள் முந்நூறும் போய்ச் சேர்ந்துவிட்டன என்றார். யாரெல்லாம் தொலைபேசியில் என்னவெல்லாம் கேட்டார்கள் என்பதையும் சொன்னார். கடைக்காரி ஒன்று விடாமல் கேட்டாள், சிலவற்றை மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் கிளம்புகிறவர் கிளம்பாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னொண்ணு. அப்பா இப்ப உன் கண்ணாடியத்தான் போடறாரு. பழசுல எழுத்தே தெரியலையாம், இதுல பளிச்சுன்னு இருக்காம். காலையில பேப்பர்லேர்ந்து ராத்திரி மாத்திரைச் சீட்டு வரைக்கும் அதுதான்."

"நல்லா இருக்கட்டும்."

"ஆனா... அந்த உறையத் திறக்கறப்பல்லாம் முகம் ஒரு மாதிரி ஆயிடுது. உறைய மட்டும் மாத்திக் குடுக்க முடியுமான்னு கேக்கச் சொன்னாரு."

கடைக்காரி மேசை இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்தாள். கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம் என்று நூறு உறைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தங்க எழுத்தில் அம்மாவின் பெயர்.

"எந்தக் கலர் வேணும்னு கேட்டுட்டு வாங்கண்ணே" என்றாள்.